நான்காம் மேசையின் பதினோரு வரி

மூடிய சன்னல் எதைக் குறிக்கிறது? ஐந்து மதிப்பெண்.

பள்ளி மாணவர்களுக்கான கைடு ஒன்றில் இந்தக் கேள்வி இருக்கிறது. 'எண் இல்லாத வீடுகள்' என்ற நாவலுக்கான கைடு. கருப்பொருள், உவமை, உருவகம், குறியீடு, முக்கிய வினாக்கள் என்று நாவலைப் பிய்த்துப் பிய்த்துக் காயவைத்திருக்கிறார்கள். மூடிய சன்னலுக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம் விடை. அது மக்களின் மௌனமாம், பூட்டிப்போட்ட மனசாட்சியாம். எனக்கு எழுபது வயது. வீட்டில் பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் கிடையாது. இருந்தும் வருடா வருடம் புதுப் பதிப்பு வந்ததும் கடைக்குப் போய் அந்தக் கைடை வாங்கி வந்துவிடுவேன். விடை இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கிறதா என்று பார்ப்பேன்.

ஏனென்றால் அந்தச் சன்னலை எழுதியவள் நான். நாவலாசிரியர் எழுதியிருந்த பதினோரு வரியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் என்னுடைய பதினோரு வரியை வைத்தேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். நூல் ஒப்புதல் அலுவலகம் என்று பெயர்ப்பலகை மாட்டியிருந்த தணிக்கை அலுவலகத்தில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. இந்தப் பெருமையைத் திருட்டு நகை மாதிரி ஆடைக்குள்ளேயே போட்டுக்கொண்டு நாற்பது வருடம் திரிந்தேன்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் நாவலாசிரியரின் மகள் வந்து கதவைத் தட்டினாள். அவர் போன வருடம் இறந்துபோனார், செய்தித்தாளில் படித்திருந்தேன். மகளுக்கு நாற்பத்திரண்டு வயது இருக்கும். நில அளவைத் துறையில் வேலையாம். வாசலில் நின்றபடியே, வீட்டையே அளந்துவிடுவது போல என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்கதானே நாலாவது மேசை?"

எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வந்தது சந்தோஷம். பள்ளிக்கூடத்துப் பட்டப்பெயரைச் சொல்லிக் கடைவீதியில் யாரோ கூப்பிட்டால் வருமே, அப்படி. உள்ளே கூட்டி வந்து உட்காரவைத்துக் காப்பி போட்டுக் கொடுத்தேன். எங்கள் அலுவலகத்தின் முதல் மேசைக்காரர், பேர் சொல்லாமல், வீட்டு அடையாளம் மட்டும் சொல்லி அனுப்பியிருந்தாராம். அவள் காப்பியைக் குடிக்கவில்லை. பையிலிருந்து ஒரு பழைய புத்தகத்தையும் ஒரு தாளையும் எடுத்து வைத்தாள்.

"அப்பாவோட நாவல முழுசா கொண்டுவரப் போறோம் மேடம். நீங்க வெட்டினது ஒரே இடம்தான். நூத்திப்பன்னெண்டாம் பக்கம், பதினோரு வரி. வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் குடுத்தாகணும்."

"அவர்கிட்ட கையெழுத்துப் பிரதி இல்லையாம்மா?"

"எல்லாப் பிரதியையும் நீங்கதானே வாங்கி வச்சுக்கிட்டீங்க."

வாங்கி வைத்துக்கொண்டோம்தான். கையால் எழுதியது, தட்டச்சு செய்தது, கார்பன் நகல், எல்லாம். வெட்டிய பக்கங்கள் வாரக் கடைசியில் காகித ஆலைக்குப் போய்க் கூழாகிவிடும்.

"ஆபீசு மூடினதுக்கு அப்புறம் அவரே திரும்ப எழுதியிருக்கலாமே?"

"கேட்டேன். எழுதிப் பாத்தாராம். எழுத்து வருது, அவ வரமாட்டேங்கிறான்னு சொன்னாரு. அவ்வளவுதான். அப்ப எனக்கு ஒண்ணும் புரியல. இது கிடைச்சதுக்கு அப்புறம்தான் புரிஞ்சுது."

அந்தத் தாளை என் பக்கம் தள்ளினாள். பழைய கோப்புகளை எல்லாம் இப்போது யார் வேண்டுமானாலும் நகல் எடுக்கலாம். என் அறிக்கை. என் கையெழுத்து அப்போது எவ்வளவு குண்டு குண்டாக, அழகாக இருந்திருக்கிறது.

'பக்கம் 112. சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்ளும் பெண். கை தானாக வாய்க்குப் போவது, மக்கள் தம் வாயைத் தாமே அடைத்துக்கொள்வதன் குறியீடு. ஆசிரியர் தரும் விளக்கம்: அது என் மனைவி; அவளுக்குத் தெற்றுப்பல். விளக்கம் ஏற்கப்படவில்லை. நீக்கம்.'

"எனக்கு ஒண்ணரை வயசுல அம்மா போயிட்டாங்க," என்றாள் மகள். "வீட்டுல மூணு போட்டோ இருக்கு. மூணுலயும் வாய இறுக்க மூடிக்கிட்டு முறைச்சுப் பாக்குறாங்க. சொந்தக்காரங்க எல்லாம் அவங்கள உம்மணாமூஞ்சின்னுதான் சொல்வாங்க. அப்பா வாயே திறக்கமாட்டாரு. என்னைப் பெத்தது கூட அவங்களுக்குப் பிடிக்கலையோன்னு நெனச்சிருக்கேன் மேடம். இந்தத் தாளப் படிச்சதுக்கு அப்புறம்தான் எங்கம்மா சிரிப்பாங்கன்னே எனக்குத் தெரியும். மீதி என்ன எழுதியிருந்தாருன்னு எனக்குத் தெரியணும். நீங்க ஒருத்தர்தான் படிச்சிருக்கீங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லி அவளை அனுப்பிவைத்தேன். வியாழக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். காப்பி ஆறிப்போய் மேலே ஆடை கட்டியிருந்தது.

வரிகளை ஞாபகப்படுத்த வேண்டுமென்றால் அந்த அறைக்குத் திரும்பிப் போக வேண்டும். மனசுக்குள் மூன்று நாள் அங்கே போய் உட்கார்ந்திருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், போனதும் திரும்பி வர மனமே இல்லை. என்னை யார் வேண்டுமானாலும் திட்டலாம். ஆனால் என் வாழ்க்கையில் நன்றாக இருந்த வருடங்கள் அவைதான்.

சைக்கிள் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. நான்கு மேசைகள். ஒரு நாவல் வந்தால் நான்கு மேசையும் தாண்டித்தான் வெளியே போகும். முதல் மேசை ஆள் பெயரும் இடப் பெயரும் பார்க்கும். இரண்டாம் மேசைக்கு நகைச்சுவை. அங்கே இருந்தவரை நாங்கள் சிடுமூஞ்சி என்போம். கல்யாண வீட்டிலும் சிரிக்காத மனிதர் என்று தேடிப் பிடித்து உட்காரவைத்திருந்தார்கள். அவரே சிரித்துவிட்டால் அந்த நகைச்சுவை ஆபத்தானது, வெட்டு. மூன்றாம் மேசையில் அக்கா. எங்கள் எல்லாருக்கும் அவர் அக்காதான். உரையாடல் அவர் பொறுப்பு. கிழவன், குழந்தை, போலீஸ்காரன் என்று ஆளுக்கொரு குரல் போட்டு வாய்விட்டுப் படிப்பார். நான்காம் மேசை நான். உவமை, உருவகம், குறியீடு. மழை பெய்தால் அது மழைதானா என்று பார்ப்பது என் வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன்.

நான்கு மணிக்கு அக்கா பிளாஸ்கைத் திறப்பார். அன்றைக்குப் படித்ததில் நல்ல வரியை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். வெட்டப்போகிற வரிதான் பெரும்பாலும் நல்ல வரியாக இருக்கும். அதைக் கடைசியாக ஒருமுறை நாங்கள் நால்வரும் கேட்டுவிடுவோம். ஒரு மாலை முதல் மேசைக்காரர் ஒரு வரியைப் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்; துடைத்த கையோடு பச்சைப் பென்சிலை எடுத்து அதை அடித்தார். இப்போது எல்லாப் புத்தகமும் கிடைக்கிறது. யார் அப்படிப் படிக்கிறார்கள்? ஒரு வரிக்கு ஒரு மணி நேரம் செலவழித்த அந்த நாற்காலிக்காக இப்போதும் ஏங்குகிறேன். அக்கா போய்ச் சேர்ந்துவிட்டார். சிடுமூஞ்சியும் போய்விட்டார்.

எங்களிடம் இரண்டு வழக்கங்கள் இருந்தன. எங்களைத் தவிர உலகத்தில் வேறு யாருக்கும் அவை புரியாது. புத்தகம் அச்சுக் கோத்துப் பக்கமாகத்தான் எங்களிடம் வரும். பதினோரு வரியை எடுத்தால் பதினோரு வரியை வைத்தாக வேண்டும். காலி இடம் விட்டால் எதையோ எடுத்திருக்கிறார்கள் என்று வாசகனுக்குத் தெரிந்துவிடும், அது குற்றம். எழுத்தாளர் நிரப்ப மறுத்தால் மேசையே நிரப்பும். இன்னொன்று, ஒரு வெட்டும் இல்லாமல் அறிக்கை மேலே போகக் கூடாது. கறையே இல்லாத அறிக்கை என்றால் கண் பட்டுவிடும். மேசை தூங்கிவிட்டது அல்லது காசு வாங்கிவிட்டது என்று பெரிய அதிகாரி மொத்தப் புத்தகத்தையும் தன்னிடம் வரவழைத்துவிடுவார். அவரிடம் போன புத்தகம் எதுவும் திரும்பி வந்ததில்லை. ஆகவே பிடித்த புத்தகத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் அதில் எதையாவது வெட்டித்தான் ஆக வேண்டும்.

'எண் இல்லாத வீடுகள்' எனக்குப் பிடித்திருந்தது. ஒரு நகரத்தில் எழுத்து என்று இருக்கும் எல்லாவற்றின் மேலும் வெள்ளை அடித்துவிடுகிறார்கள். கடைப்பெயர், தெருப்பெயர், வீட்டு எண் எல்லாம் போய்விடுகின்றன. தபால்காரன் ஞாபகத்தை மட்டும் வைத்துக்கொண்டு கடிதங்களைக் கொடுக்கிறான். கடிதம் குறையக் குறைய அவன் பை கனக்கிறது. குரைக்காத நாய் ஒன்று அவன் பின்னாலேயே வருகிறது. மழை வரும்போதெல்லாம் சுவர்களில் பழைய எழுத்து மங்கலாகத் தெரிகிறது. படித்து முடித்ததும் அக்காவிடம் போய், "இத எப்படியாவது வெளிய அனுப்பிடணும்க்கா," என்றேன். அக்கா கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

செவ்வாய்க்கிழமை விளக்க நாள். எழுத்தாளர்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, இது எதைக் குறிக்கிறது என்று கேட்போம். நாவலாசிரியர் ஐந்து செவ்வாய்க்கிழமை வந்தார். ஒல்லியான மனிதர், கேட்டதற்கு மட்டும் பதில்.

"ஊர் பூரா எதுக்கு வெள்ளை அடிக்கிறாங்க?"

"சுவரெல்லாம் அழுக்கா இருந்துச்சுங்க."

"பை ஏன் கனக்குது?"

"தபால்காரருக்கு வயசாகுதுங்களே."

"நாய் ஏன் குரைக்கல?"

"தொண்டை கட்டிக்கிச்சுங்க."

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் 'விளக்கம் ஏற்கப்பட்டது' என்று எழுதினேன். அவர் கதை விடுகிறார் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். ஒருவருக்கொருவர் இவ்வளவு மரியாதையாகக் காது குத்திக்கொண்டவர்களை நான் பார்த்ததில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமைகளுக்காக வாரம் முழுவதும் காத்திருப்பேன்.

ஐந்தாம் வாரம் நூற்றுப்பன்னிரண்டாம் பக்கம் வந்தது. வெட்டுவதற்கு ஒன்று வேண்டும். வெள்ளையை எடுத்தால் கதை இல்லை. மழை, நாய், பை மூன்றும் தூண்கள். இந்தப் பெண் ஒரே ஒரு பக்கத்தில் வருகிறாள். தபால்காரனுக்குக் கதவைத் திறந்து சிரிக்கிறாள், வாயைப் பொத்திக்கொள்கிறாள், அவ்வளவுதான். பிறகு அவள் பேச்சே இல்லை. எடுத்தால் எதுவும் இடியாது. அதோடு, தணிக்கையைப் பற்றிய நாவலில் ஒரு பெண் வாயைப் பொத்தினால் அது எதுவென்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். இதைக்கூடக் கண்டுபிடிக்கவில்லையா என்று மேலிடம் கேட்கும். கச்சிதமான வெட்டு என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன்.

"இந்தப் பொண்ணு எதைக் குறிக்குது?"

அவர் முதல்முறையாகத் தடுமாறினார். "எதையும் இல்லைங்க. அது என் மனைவி. அவளுக்குத் தெத்துப்பல். சிரிப்பு வந்தா பொத்திக்குவா."

அறையே சிரித்தது. சிடுமூஞ்சிகூடச் சிரித்தார். ஐந்து வாரமாக அருமையாகப் பொய் சொன்ன மனிதர் இதற்கு இவ்வளவு மட்டமான பொய்யோடு வந்திருக்கிறாரே என்று எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. அவர் மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, "மேடம், வேற எத வேணாலும் எடுத்துக்குங்க. நாய எடுத்துக்குங்க," என்றார். நாயை எடுக்க முடியாது சார், நாய் இல்லாமல் உங்கள் கதை நிற்காது என்று அவருக்கே நாவலைப் பற்றிப் பாடம் எடுத்தேன். நிரப்பித் தருகிறீர்களா என்று கேட்டேன். எழுந்து போய்விட்டார். மறுநாள் காலை நானே உட்கார்ந்து எழுதினேன். என் மேசைக்கு எதிரே இருந்த சன்னல் கொக்கி துருப்பிடித்துத் திறக்காமல் கிடந்தது. தபால்காரன் மூடிய சன்னல் முன்னால் நிற்கிறான், கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கிறான், கடிதத்தை மறுபடி பையில் போட்டுக்கொள்கிறான். பதினோரு வரி, எழுத்தெண்ணிப் பொருந்தியது. புத்தகம் வெளியே வந்தது. ஒரே வெட்டில் ஒரு நாவலைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பில்தான் இத்தனை வருடம் கைடு வாங்கினேன்.

வியாழக்கிழமை சொன்னபடி மகள் வந்தாள். இதையெல்லாம் அவளிடம் அப்படியே சொன்னேன். சன்னல் என்னுடையது என்பதையும் சொன்னேன். சொல்லும்போது, மன்னிக்க வேண்டும், உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது.

அவள் விரலை மடக்கி எதையோ எண்ணினாள். "அஞ்சாவது செவ்வாய்க்கிழமைன்னா எந்த மாசம் மேடம்?"

அறிக்கையில் தேதி இருந்தது. பார்த்துச் சொன்னேன்.

"அப்ப அம்மா போய் ரெண்டு மாசம்."

"எங்ககிட்ட சொல்லலையே," என்றேன்.

"நீங்க கேட்டிருக்க மாட்டீங்க. செவ்வாய்க்கிழமை ஆனா என்னைப் பக்கத்து வீட்டுல விட்டுட்டுப் போவாராம். சாயங்காலம் வந்து தூக்கிக்கிட்டு மொட்டைமாடிக்குப் போயிடுவாராம். அந்த வீட்டு அம்மா சொல்லியிருக்காங்க."

இப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஐந்து வாரமும் அவர் சட்டையில் மேல் பொத்தான் இல்லை. நான்காம் மேசை, குறியீடு கண்டுபிடிப்பதில் புலி. ஒரு மனிதன் ஐந்து வாரமாகப் பொத்தான் இல்லாத சட்டையோடு எதிரே வந்து உட்கார்ந்தால், அவன் வீட்டில் என்ன ஆயிற்று என்று எனக்குத் தோன்றவில்லை. ஐந்து வாரத்தில் அவர் சொன்ன ஒரே உண்மை அந்தத் தெற்றுப்பல். அது ஒன்றைத்தான் நான் ஏற்கவில்லை. அவள் முன்னால் அழக்கூடாது என்று பார்த்தேன், முடியவில்லை. அவள் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"வரி ஏதாவது ஞாபகம் வந்துச்சா?"

"மூணு வந்துச்சும்மா. மூணும் அவர் எழுதினதுதான். ஒரு எழுத்து மாறாது."

அவள் பேனாவைத் திறந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்.

'தபால்காரன் படியேறும் சத்தம் கேட்கும்போதே அவள் சிரிக்கத் தொடங்கிவிடுவாள். சிரிப்பு வந்ததும் கை தானாக வாய்க்குப் போகும், கையில் கரண்டி இருந்தால் கரண்டியோடு போகும். பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் தாங்காமல் சுவரைத் தட்டுவார், அதற்கும் சிரிப்பாள்.'

எழுதி முடித்துவிட்டு அவள் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கரண்டியோட," என்றாள். பிறகு, "சுவரத் தட்டுற அளவுக்கா மேடம்?" என்றாள்.

"அப்படித்தான் எழுதியிருந்தாரு."

"இன்னொரு தடவ சொல்லுங்க."

சொன்னேன். மூன்றாவது தடவையும் கேட்டாள், அப்போதும் சொன்னேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு தாளை என் பக்கம் திருப்பினாள். மூன்று வரிக்குக் கீழே எட்டுக் கோடுகளை வரிசையாக, சம இடைவெளியில் போட்டிருந்தாள்.

"மீதிய நீங்களே எழுதிக் குடுத்திடுங்களேன். சன்னல் உங்களோடதுன்னு நாப்பது வருசமா ஒருத்தருக்கும் தெரியல. நீங்க எழுதினா அப்பா எழுதின மாதிரியேதான் இருக்கும். எனக்கும் அம்மா முழுசா கிடைச்ச மாதிரி இருக்கும்."

அவர் எழுதிய மாதிரியே இருக்கும் என்று யாராவது ஒருவர் என் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும் என்று எத்தனை வருடம் ஏங்கியிருப்பேன். விரல் துறுதுறுத்தது. வரிகள் அதுபாட்டுக்கு ஓடி வந்தன. நெற்றியில் ஒட்டிய ஈர முடி, இடுப்பில் ஒரு குழந்தை, அவள் சிரிப்பதைப் பார்த்து அந்தக் குழந்தையும் சிரிப்பது. நல்ல வரிகள். அந்தக் குழந்தையை எழுதினால் எதிரே இருப்பவள் காலம் முழுக்க அதை வைத்துக்கொண்டு வாழ்ந்துவிடுவாள் என்றும் தெரிந்தது. ஆனால் அந்த ஈர முடியை நான் பார்த்ததில்லை. அந்தப் பெண் அவளாக இருந்ததை ஒருமுறை குறியீடு என்று சொல்லி எடுத்துப்போட்டேன். இப்போது நானே அவளை இட்டுக்கட்டி அவள் மகள் கையில் கொடுக்க வேண்டுமா?

"வேண்டாம்மா," என்றேன். "அந்த எட்டு வரிய நான் தொடமாட்டேன். அப்படியே காலியா விட்டுடு. என் சன்னலயும் எடுத்துடு."

"அச்சகத்துல கேப்பாங்களே."

"கேட்டா அடிக்குறிப்பு போடச் சொல்லு. எழுதிக்கோ."

அவள் பேனாவை எடுத்தாள். முதல் இரண்டு முறை எனக்கு வாக்கியம் சரியாக வரவில்லை, அடிக்கச் சொன்னேன். மூன்றாவது முறை வந்தது.

"இந்த இடத்தில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். அது என் மனைவி என்று ஆசிரியர் சொன்னார். நான் நம்பவில்லை."

எழுதிவிட்டு நிமிர்ந்தாள். "நான்னா யாருன்னு போடணுமே. நாலாவது மேசைன்னு போடவா?"

"வேண்டாம். பேரப் போடு."

"உங்க பேரு எனக்குத் தெரியாதே மேடம்."

சொன்னேன்.